கன்ரீன் அண்ணரின் பெற்றோல் கான்

2019இல் மகளின் பள்ளிக்கூட வாசலில் நான் காவல் நின்றிருக்கிறேன். சம்பளமில்லாத காவல். உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பிறகு, மே மாதம் பள்ளிக்கூடங்களைத் திரும்பத் திறந்தபோது, பெற்றோரை முறைவைத்து வாசலில் நிறுத்திப் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்க்க வைத்தார்கள். இலங்கை முழுக்க அதுதான் நடந்தது. எனக்குக் கிழமையில் ஒரு நாள் விழுந்தது. காலை ஆறே முக்காலுக்குப் போனால் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். இரண்டு மேசை, மேசைக்கு ஓர் அம்மா, பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். கச்சான் காற்று தொடங்கிய காலம். பெயர் எழுதும் தாள் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்.

அந்த வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து பையைத் திறந்து காட்டிக் காட்டியே வளர்ந்தவள். எந்த ஆமிக்காரன் பையின் அடியைத் தட்டிப் பார்ப்பான், எவன் மேலால் ஒரு கை விட்டுவிட்டு அனுப்புவான், எல்லாம் அத்துப்படி.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் என் கணவரின் அக்காவின் மகன். ரொறன்ரோவிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு நின்றான். ஒரு நாள் இரவு, புட்டும் பாரைக் குழம்புமாக இருந்த நேரம், எயார்போட் கதை வந்தது.

"மாமி, அறுபது வயசு மனுசி எண்டும் பாக்காம அம்மாட சாறிக் கரையைக்கூடத் தடவிப் பாத்தவங்கள். அந்த நேரத்துக்குச் சந்தேகமான ஆக்களைப் பாத்துச் செக் பண்ணலாம்தானே?"

"சந்தேகமான ஆக்கள் எண்டா ஆர்?"

"உங்களுக்குத் தெரியும்தானே. ஆர் குண்டு வைக்கிறதெண்டு உலகத்துக்கே தெரியும்."

அவன் கன்னம் நிறையத் தாடி வளர்த்திருந்தான். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டா?" என்று கேட்டேன். அன்றைக்கு அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் வைத்துச் சொன்னால் மாமி பழைய சண்டைக் கதையைத் தொடங்கிவிட்டா என்று போனை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அவன் பிறந்தது கனடாவில். "உலகத்துக்கே தெரிந்த" அந்த ஆள் ஒரு காலத்தில் அவனுடைய தாய்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

எங்கள் பழைய ஐ.சி.யை, அடையாள அட்டையை, அவன் கண்டதில்லை. நான் கணக்கு ரியூசன் கொடுக்கிறவள், அந்த இலக்கத்தைப் பார்த்தால் இன்றைக்கும் கை சும்மா இருக்காது. முதல் இரண்டும் பிறந்த வருசம். அடுத்த மூன்றும் அது வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். கடைசியில் ஆங்கில வீ எழுத்து. இவ்வளவையும் வாசிக்க நேரமெடுக்கும். ஆனால் சென்றியில், சோதனைக் காவலில் நிற்கிறவனுக்கு இலக்கமே தேவைப்படவில்லை. வடக்குக் கிழக்கில் எடுத்த அட்டையில் சிங்களமும் தமிழும் இருக்கும், மற்ற இடங்களில் எடுத்ததில் சிங்களம் மட்டும். கையை நீட்டும்போதே, ஒரு முழத் தூரத்தில், இவள் யார் என்று தெரிந்துவிடும். 2014க்குப் பிறகுதான் எல்லோருடைய அட்டையிலும் இரண்டு மொழியும் வந்தது. பிறந்த இடம் திருகோணமலை என்று அதில் இருந்தால் இன்னொரு கேள்வி கூட.

கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான், அதாவது ஆமிக்காம்புக்குள்ளால்தான். இப்போது வருகிறவர்கள் மானுக்கு வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் கோட்டை வாசலில் அம்மாவின் அர்ச்சனைத் தட்டை ஒரு பெடியன் வாங்கி, தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்ப்பான். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சரி. ஒரு முறை தேங்காய் முற்றிச் சத்தம் வரவில்லை. அவன் முழித்தான். அம்மா அவன் கையிலிருந்து வாங்கி அந்த இடத்திலேயே ஓங்கி உடைத்துக் காட்டினா. "இண்டைக்குப் பிள்ளையாருக்கு இங்கயே சிதறு தேங்காய்" என்று அவ சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. அவனும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

அதே அம்மா கொழும்புக்குப் போகும் நாளில் பஸ் ஏற முதல் பொட்டை அழித்துவிடுவா. சுமங்கலி, செவ்வாய் வெள்ளி விரதக்காரி, கண்ணாடிக்கு முன் நின்று சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைப்பா. நாங்கள் பார்க்காததுபோல் நிற்போம்.

2006ஆம் ஆண்டு ஆனியில் எனக்கு ஏழாம் மாதம். அந்த வருசம் எங்கள் ஊருக்கு எப்படி விடிந்தது என்று இங்கத்தையவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுடப்பட்டார்கள். ஏப்ரல் 25ஆம் திகதி, கர்ப்பிணிபோல் வந்த ஒருத்தி கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே போய், இராணுவத் தளபதியின் வாகனத்தில் குண்டோடு பாய்ந்தாள். அன்று பின்னேரமே புலிகளின் கையிலிருந்த சம்பூர்ப் பக்கம் குண்டு விழத் தொடங்கியது. துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது.

அதற்குப் பிறகு நாட்டில் எந்தத் தமிழ்க் கர்ப்பிணியின் வயிறும் வெறும் வயிறாக இருக்கவில்லை. ஸ்கான் எடுக்கக் கொழும்புக்குப் போன நான், கந்தளாய் தாண்டி ஒரு சோதனையில் இறங்கி, தகரக் கொட்டிலுக்குள் போனேன். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ஆமிப் பெட்டை. இருபது வயது இருக்காது. இரண்டு உள்ளங்கையையும் என் வயிற்றில் வைத்து, மாங்காய் பழுத்ததா என்று பார்க்கிறமாதிரி அமர்த்தினாள். உள்ளே பிள்ளை உதைத்தது. அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். பிறகு "பபா, பபா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. பஸ்ஸில் திரும்ப ஏறிய பிறகுதான் முழங்கால் நடுங்கியது.

என்னோடு அதே பஸ்ஸில் கந்தளாயில் ஏறிய இன்னொரு கர்ப்பிணியும் இருந்தா. சிங்களப் பெண். என்னைவிடப் பெரிய வயிறு. அவவை இறக்கவேயில்லை. நான் வந்து இருந்ததும் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா.

இதில் அந்த ஆமிப் பெட்டையில் எனக்குக் கோபமில்லை. அவளுடைய பயம் பொய்ப் பயமில்லை. கர்ப்பிணி வேடத்தில் வந்தவள் ஒருத்தி உண்மையாகவே இருந்தாள், அவள் எங்கள் ஆள்தான். 2008 பெப்ரவரியில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் வெடித்தவளும் ஒரு பெண்தான், செத்தவர்களில் விளையாட்டுக்குப் போய் வந்த பள்ளிக்கூடப் பெடியன்கள் இருந்தார்கள். அதையெல்லாம் மூடிவிட்டு "எங்களைச் சந்தேகப்பட்டார்கள்" என்று மட்டும் அழுதால் அது பாதிக் கதை. என் கேள்வி வேறு. என் வயிற்றில் கை வைத்த நேரம், அந்தப் பெரிய வயிற்றைப் பார்க்காமல் விட்டாளே, அதில் பாதுகாப்பு எங்கே இருந்தது?

மருமகன் இஸ்ரேலைத்தான் உதாரணம் காட்டினான். அவங்கள் ஆளைப் பாத்துத்தான் செக் பண்ணுறாங்கள், ஒண்டும் நடக்கிறேல்ல என்றான். அவர்கள் இனம் பார்ப்பது உண்மை. அரபுப் பயணிகள் அங்கே படும்பாட்டை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னே ஒரு கதை இருக்கிறது. 1972 மே 30, இஸ்ரேலின் லொட் விமான நிலையம். அந்தக் காலத்தில் அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றித் தேடியது பலஸ்தீனியர்களை. ரோமிலிருந்து வந்த விமானத்தில் மூன்று ஜப்பானியர் இறங்கினார்கள். வயலின் பெட்டிகளைத் திறந்து துப்பாக்கிகளை எடுத்துச் சுட்டார்கள். 26 பேர் செத்துப்போனார்கள். ஜப்பானியரை யார் சந்தேகப்படுவார்?

1986 ஏப்ரல் 17ஆம் திகதி லண்டன் ஹீத்ரோவில் நடந்ததை வாசித்தபோது எனக்கு என் ஏழாம் மாதம் ஞாபகம் வந்தது. ஆன் மேரி மேர்பி என்று ஓர் அயர்லாந்துப் பெண், கர்ப்பிணி, எல் அல் விமானத்தில் இஸ்ரேலுக்குப் போகிறாள். கலியாணம் செய்வதாகச் சொன்ன நெசார் ஹிந்தாவி என்ற யோர்தானியன் கொடுத்த பை கையில். பையின் அடித்தட்டுக்குக் கீழே ஒன்றரைக் கிலோ வெடிமருந்து. அவளுக்கு அது தெரியாது. வயிற்றில் அவனுடைய பிள்ளை, கையில் அவன் வைத்த குண்டு. விமானத்தில் 375 பேர். வெள்ளைக்காரி, கத்தோலிக்கப் பெண், கர்ப்பிணி, ஆளைப் பார்த்து விடுவதென்றால் முதலில் விட வேண்டிய ஆள். எல் அல் பாதுகாப்புக்காரர் அவளிடம் கேள்வி கேட்டார்கள், பிறகு பையை வெறுமையாக்கித் தூக்கிப் பார்த்தார்கள். வெறும் பை கனத்தது. அவ்வளவுதான். ஹிந்தாவிக்கு 45 வருசச் சிறை.

"அப்ப ஆளின்ர நடத்தையைப் பாக்கலாம்தானே, வேர்க்குதா, முழிக்கிறானா எண்டு?" என்று கேட்பான். அமெரிக்காவில் அதையும் செய்து பார்த்தார்கள். 2007இலிருந்து விமான நிலையங்களில் முகக்குறி பார்க்கிற உத்தியோகத்தர்களை நிறுத்தி ஏறத்தாழ 90 கோடி டொலர் செலவழித்த பிறகு, 2013இல் அவர்களுடைய அரசாங்கக் கணக்காய்வு அலுவலகமே, இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது, காசைக் குறையுங்கள் என்று எழுதியது. முகத்தைப் பார்த்துப் பொய் கண்டுபிடிப்பது காசு சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். எனக்கு இது புதினமில்லை. சென்றியில் எனக்கு எப்போதும் வேர்த்தது.

ஒரு சின்னக் கணக்கு. என் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கிறேன். ஒரு ஊரில் ஒரு இலட்சம் பேர், அதில் குண்டுக்காரர் 5 பேர் என்று வைப்போம். எங்களிடம் ஒரு அபாரமான காவல்காரன் இருக்கிறான், ஆளைப் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் சரியாகச் சொல்லுவான். நடைமுறையில் அப்படி ஒருவன் பிறக்கப் போவதில்லை, இருந்தாலும் வைப்போம். நல்லவர் 99,995 பேரில் நூற்றுக்கு ஒருவரை அவன் பிழையாகப் பிடிப்பான். ஆயிரம் பேர். ஐந்து பேருக்காக ஆயிரம் பேரை அள்ளி வைத்திருக்கிறான், அந்தக் கூட்டத்தில் உண்மையான ஆளைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 200 பேரில் ஒருவரைத் தேட வேண்டும். சரி, ஒரு இனத்தை மட்டும் பார்ப்போம், மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னால்? அப்போதும் 330 நல்லவர்கள் மாட்டுவார்கள். மற்ற இரண்டு பங்கில் ஒரேயொரு குண்டுக்காரன் இருந்தால் அவனுக்குக் கதவு திறந்தே கிடக்கும்.

பிரித்தானியாவில் இதைக் கடதாசியில் போடாமல் தெருவிலேயே செய்து பார்த்தார்கள். பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவில், காரணம் சொல்லாமலே ஆளை மறிக்க முடிந்தது. 2009-10 ஒரு வருசத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மறிப்புகள். பயங்கரவாதத்துக்காகக் கைதானவர் ஒருவருமில்லை. மறிக்கப்பட்டவர்களில் கறுத்தவர்களும் ஆசியர்களும் தங்கள் தொகைக்கு மேலாகவே இருந்தார்கள். 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த அதிகாரம் பிழை என்றது.

எங்கள் நாட்டில் 2007 யூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். பாஸ்போட் எடுக்க வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது, பிறகு பிரதமர் மன்னிப்பும் கேட்டார். அந்த 376 பேரில் எத்தனை குண்டு அகப்பட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இனிப் பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறேன்.

என்னோடு முறை விழுந்த மற்ற அம்மா ஒரு முஸ்லிம் பெண். கிண்ணியாவில் பிறந்து, ஜமாலியாவில் கலியாணம் செய்தவ. கறுப்பு அபாயா, முகம் மூடுவதில்லை. முகம் மூடுவதை ஏப்ரல் 29ஆம் திகதியே தடை செய்துவிட்டார்கள், ஆனால் அந்த நாட்களில் அபாயாவைக் கண்டாலே பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்து அடைத்தார்கள், அவ உடுப்பில் இருந்த படம் தர்மச் சக்கரம் என்று. அது கப்பலின் சுக்கான் சக்கரம். துறைமுக ஊரில் இருந்துகொண்டு நாங்கள் அதை வாசித்தோம். இங்கே சுக்கான் படம் இல்லாத சாப்பாட்டுக் கடை குறைவு.

முதல் நாளே என் மேசையில் வரிசை நீண்டது. அவவின் மேசையில் நான்கைந்து பிள்ளைகள். பிள்ளைகள் தாங்களாக அப்படி நிற்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறக்கிவிடும்போதே தாய்மார், "ரீச்சரிட்டப் போ" என்று என்னைக் காட்டி அனுப்பினார்கள். அவ தன் மேசையிலிருந்து "இங்கயும் வாங்க புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தா. இரண்டாம் கிழமையிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டா.

எங்கள் பள்ளிக்கூட கன்ரீன்காரரை எல்லோரும் அண்ணர் என்போம். நல்ல மனுசன், இரண்டு தரம் என் மகளுக்குக் கடனுக்கு றோல்ஸ் கொடுத்திருக்கிறார். காலையில் ஆட்டோவில் மரக்கறிச் சாக்கு, பாண் பெட்டி, சில நாள் காஸ் சிலிண்டர், எல்லாம் ஏற்றி வருவார். நான் தலையை ஆட்டுவேன், அவர் உள்ளே போவார். எங்கட அண்ணரிடம் என்னத்தைப் பார்க்கிறது?

ஐந்தாம் கிழமையென்று நினைக்கிறேன். ஆட்டோ அவவின் மேசைப் பக்கமாக நின்றது.

"அண்ணன், அந்தச் சாக்கக் கொஞ்சம் அவுக்கேலுமா?"

அவர் அவவுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "ரீச்சர், இவவுக்குச் சொல்லுங்கோ நான் ஆர் எண்டு."

நானும் சொன்னேன். "கன்ரீன்காரர்தானே, பிரச்சினையில்ல, விடுங்க."

"தெரியும் டீச்சர்," என்றா. "எல்லாரையும் பாக்கச் சொல்லித்தானே இதில எழுதியிருக்கு." கல்லுக்குக் கீழே படபடத்த தாளைத் தொட்டுக் காட்டினா. குரலை உயர்த்தவில்லை.

சாக்கை அவிழ்த்தா. மேலே பூசணிக்காய், லீக்ஸ். அடியில் ஐந்து லீற்றர்க் கானில் பெற்றோல். மூடி துலைந்துவிட்டது போல, வாய்க்குப் பழைய சேலைத் துணியை உருட்டி அடைத்திருந்தார். ஆட்டோவில் பக்கத்திலேயே காஸ் சிலிண்டர். மைதானத்தில் புல் வெட்டும் ஒப்பந்தமும் அண்ணருடையதுதான், மெசினுக்குக் கிழமைக்கு ஒரு கான் கொண்டுவருவாராம். அதாவது நான் நின்ற நாட்களிலும், துணி அடைத்த பெற்றோலும் காஸ் சிலிண்டரும் ஒரே ஆட்டோவில், என் தலையாட்டலோடு, அறுநூறு பிள்ளைகள் இருக்கிற வளவுக்குள் போயிருக்கிறது. அந்த நேரம் நான் இடியப்பப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பொலிஸ்காரர் முதலில் சிரித்தார், பிறகு கானைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அம்பாறைப் பக்கத்து மனிதர், தமிழ் ஓரளவு வரும், ஆனால் இதைச் சிங்களத்தில்தான் என்னிடம் சொன்னார்: "மூண பலன்ன எப்பா நோனா, பேக் எக பலன்ன." முகத்தைப் பார்க்க வேண்டாம், பையைப் பார் என்று. சிங்களவரான ஒரு பொலிஸ்காரர் திருகோணமலைத் தமிழச்சிக்கு இதைச் சொல்லித் தர வேண்டி வந்ததே என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை வேண்டுமென்றே எண்ணினேன். கணக்குக்காரியின் புத்தி. என் வரிசையில் அன்று வந்த முஸ்லிம் பிள்ளைகள் 11 பேர். 11 பேரின் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்திருந்தேன். தமிழ்ப் பிள்ளைகள் அறுபதுக்கு மேல், திறந்தது நாலோ ஐந்தோ. மற்றதெல்லாம் மேலால் ஒரு அமர்த்தல். எண்ணிக்கொண்டு நிற்கும்போதே, எண்ணுகிறேன் என்று தெரிந்துகொண்டே, கை தன்பாட்டில் அப்படித்தான் போனது.

அடுத்த கிழமை முறைப்பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. அண்ணர் போய் யாரிடமோ சொல்லியிருக்கலாம், பெற்றோர் யாராவது சொல்லியிருக்கலாம். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. வேறொரு அம்மா வந்தா, எங்கள் தெருக்காரி. வரிசை இரண்டு பக்கமும் சரிசமமாக நீண்டது.

மருமகனுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த கானைத்தான். யாரைத் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த கணமே, யாரைத் தேடத் தேவையில்லை என்றும் காவல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை பிடிக்கிறோம், மானம் மரியாதை என்று. ஆட்கள் செத்தது பெரும்பாலும் இரண்டாவதால்.

வவுணதீவை எடுங்கள். 2018 நவம்பர் 30 விடியப்புறம், மட்டக்களப்பு வவுணதீவில் காவலில் நின்ற இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்கள், துப்பாக்கிகளும் போய்விட்டன. கிழக்கில் பொலிஸ்காரரைக் கொன்றால் யார் கொன்றிருப்பான்? கேள்வியே கேட்கத் தேவையில்லை, முன்னாள் புலி. ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான், கொன்றது அந்தக் குண்டுகளை வைத்த கூட்டத்தின் தலைவன் சஹ்ரானின் ஆட்கள் என்று வெளியில் வந்தது, அந்த மனிதரை விட்டார்கள். அந்த ஐந்து மாதமும் சஹ்ரான் கூட்டத்துக்குக் கிடைத்த பரிசு. எங்களைத் தேடிய கண் அவர்களைக் காணவில்லை. 260க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

அதுவும் ஆளைத் தெரியாமலில்லை. காத்தான்குடி முஸ்லிம்களே அவனைப் பற்றி முறையிட்டிருக்கிறார்கள். 2017இல் அங்கே நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவு. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து தகவல் வந்தது, 11ஆம் திகதி பொலிஸ் கடிதத்தில் அவன் பெயரே எழுதியிருந்தது. பெயர் கையில் இருக்கும்போது அந்தப் பெயரைத் தேடுவதற்கு நான் எதிரியில்லை, அது வேறு. அதைச் செய்யவில்லை என்றுதான் 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபா கட்டச் சொன்னது. பத்து நாள் பெயரைத் தேடாதவர்கள் குண்டு வெடித்த பிறகு அபாயாவைத் தேடினார்கள்.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிர்த்த ஞாயிறு காலை கனத்த பையோடு நின்ற புது மனிதனை ஒருவர் மறித்து விசாரித்து, உள்ளே விடாமல் வெளியே அனுப்பினார். அவரும் செத்துப்போனார். பிள்ளைகள் பலர் செத்தார்கள். உள்ளே போய் வெடித்திருந்தால் என்று நினைக்கவே முடியாது. அவரிடம் பட்டியல் ஒன்றும் இருக்கவில்லை, பை கனமாக இருந்தது, ஆள் புதிது, கேட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பின்னறையில் முன்பின் தெரியாத பெடியன் ஒருவன் வந்து தங்கினான். பகலில் வெளியில் வரமாட்டான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இரவில் அம்மாவோடு குசுகுசுத்தார். "போய்ச் சொல்லுவமா?" "ஆரிட்டச் சொல்லுறது? சொன்னா முதல்ல எங்கட வீட்டைத்தான் கிண்டுவான். இவள் பெரிய பிள்ளையாயிட்டாள், மறந்திட்டீங்களா?" இவள் என்பது நான். அப்பா பேசாமல் பாயைத் தட்டிப் போட்டுப் படுத்தார். பெடியன் ஒரு கிழமையில் போய்விட்டான். யாரோ, எங்கேயோ. எங்கள் பொட்டை அழிக்க வைத்தவர்களிடம் போய் அப்பா எப்படி வாய் திறப்பார்?

அந்த முஸ்லிம் அம்மா போன வருசம் எங்கள் வீட்டுக்கு வந்தா. கடைசி மகளை ரியூசனுக்குச் சேர்க்க. "புள்ளைக்கிக் கணக்கு ஏறுதே இல்ல டீச்சர்" என்று கதிரை நுனியில் இருந்தா. வாசலைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவவும் கதைக்கவில்லை. தேத்தண்ணி குடித்தா. கிண்ணியாவில் இறால் விலை, வகுப்பு நேரம், மகளுக்குப் பின்னேரம் ஓதப் போவது, எல்லாம் கதைத்தோம். செவ்வாய், வெள்ளி பின்னேரம் ஐந்து மணி என்று முடிவானது.

படியிறங்கிச் செருப்பைப் போடும்போது நிமிர்ந்து கேட்டா: "டீச்சர், அந்தப் பெற்றோல் கானுக்கு ஒரு மூடி வாங்கினாராமா?"

எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் நான் ஏழு கிழமை அந்த மேசையில் நின்றேன். ஆட்டோ வரும்போது என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.